கூடம் கோணல்தான்

என் மேசை இழுப்பறையில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. பண்டார் தெங்காராவின் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் கூடையில் குவித்து விற்பார்களே, அந்த ரகம். சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம், பவர் மூன்று. ஒடிந்த இடது காம்பில் பெட்டிகளுக்கு ஒட்டும் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. அது தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசையில் வேலை செய்த அக்காவுடையது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மனிதர்மேல் எனக்கு வயிறு எரியும். கணினிகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த அவரைச் ‘சிஸ்டம் சார்’ என்றுதான் கூப்பிடுவோம். செத்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும் என்பார்கள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், அதனால் எனக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

கூலாய் பக்கம் மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை அது. சோதனை அறையில் நாங்கள் ஐந்து பெண்கள். தட்டில் வரும் மூடிகளை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் கணினியில் மஞ்சள் ஐகானை அழுத்த வேண்டும், சரக்கு கிடங்கிலேயே நிற்கும். கீறல் இல்லையென்றால் பச்சை, சரக்கு லாரி ஏறிவிடும். சிங்கப்பூரில் படம் வரையும் நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட மடிக்கணினிகளைச் சார் பிடித்து வந்து, லினக்ஸ் ஏற்றி எங்கள் மேசையில் வைத்தார். திரை என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. புள்ளிகள் அவ்வளவு நெருக்கம் என்பதால் எழுத்தெல்லாம் எள்ளாகச் சுருங்கிவிட்டது. திரை அமைப்பில் இருநூறு விழுக்காடு என்று வைத்தால் மற்றதெல்லாம் பெரிதாகும், எங்கள் பழைய சோதனை நிரல் மட்டும் கல்லுப்பிள்ளையாராக அப்படியே இருக்கும். தெளிவைக் குறைத்து வைத்தாலோ எழுத்து நனைந்த காகிதம்போல் கலங்கியது, கீழ் வரிசை ஐகான்கள் திரைக்கு வெளியே போய்விட்டன. மஞ்சளும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கு ஓர் எள் அளவு.

போய்ச் சொன்னோம். சார் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார். “ஃபோர்-கே ஸ்கிரீன்மா இது. சிங்கப்பூர்ல படம் வரையறவன் இதுலதான் வேலை செஞ்சான். உங்களுக்குத்தான் தெரியலையா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அந்த வாரமே ஒன்றரை பவரில் கண்ணாடி வாங்கினார். பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து வேலை செய்வார், மத்தியானத்துக்குள் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். “வயசாச்சு லா, தங்கச்சி” என்று தன்னையே திட்டிக்கொள்வார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயதுதான்.

ஒருநாள் சரக்கு வாங்கும் நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. என் மேசைக்குத்தான் வருவார்கள். முதல் நாள் சாயங்காலம் சார் என் மடிக்கணினியை வாங்கி, சோதனை நிரலைத் திறக்கும் ஐகானுக்குள் போய் ஒரே ஒரு வரி தட்டினார். எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் காட்டு என்று நிரலுக்குச் சொல்லும் வரி, அவ்வளவுதான். மூடித் திறந்ததும் எழுத்துகள் பேரீச்சம்பழக் கொட்டை அளவுக்கு வந்து நின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “மத்தவங்களுக்குச் சொல்லாத. ஸ்கிரீன்ல ஒண்ணும் குறை இல்லைன்னு மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்” என்றார். லைன் லீடர் வேலைக்கு அவர் கொடுக்கப்போகும் பட்டியலில் என் பெயர் இருந்தது. நான் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா கீறல் கண்ட சரக்குக்கு மஞ்சளுக்குப் பதில் பச்சையை அழுத்திவிட்டார். போன சரக்கு திரும்பி வந்தது. விசாரணைக்கு எல்லோரையும் கூட்ட அறையில் உட்கார வைத்தார்கள். சார் தன்னுடைய மடிக்கணினியைப் புரொஜெக்டரில் மாட்டிச் சோதனை நிரலைச் சுவரில் காட்டினார். சுவரில் மஞ்சளும் பச்சையும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் தெரிந்தன. “இதுல எது தெரியல?” என்று கேட்டார். அவருடைய கணினியிலும் அந்த ஒரு வரி இருந்தது. அது இல்லாமல் அவராலும் அந்தத் திரையைப் படித்திருக்க முடியாது. மேனேஜர் சுவரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். பக்கத்தில் இருந்த என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “என் கண்ணுதான் சார்” என்றார் அக்கா. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். அடுத்த மாதம் நான் லைன் லீடர் ஆனேன்.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தால் மனசு லேசாகும் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். என் மனசு கனமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் பாசார் மாலாமில் அக்காவைப் பார்த்தேன். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்பும் வேலையில் இருக்கிறாராம். மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கைப்பேசியை நீட்டினார். “என்னமோ அனுப்பியிருக்கான், படிச்சுக் காட்டு லா. நம்ம கண்ணு லட்சணம்தான் தெரியுமே.” நான் படிக்கவில்லை. எழுத்தின் அளவைக் கடைசி வரை ஏற்றிக் கையில் கொடுத்தேன். அக்கா கண்ணாடி இல்லாமல், எழுத்துக் கூட்டாமல் படித்தார். “சனிக்கிழமை வரேன்மா, மீன் கறி வை.” படித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்படிப் பெருசா வைக்கலாமா? அங்கயும் வச்சிருக்க முடியுமா?”

“முடியும்க்கா. என்னோடதுல வச்சிருந்தாரு.”

அக்கா கோபப்படவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். “அன்னைக்குச் செவுத்துல பார்த்தப்பவே நினைச்சேன், நம்ம திரையில இப்படி இல்லையேன்னு. நீ பக்கத்துலதானே இருந்த. நீ ஒண்ணும் சொல்லல. அதான் என் கண்ணுதான்னு நம்பிட்டேன்” என்றார். பிறகு மீன் விற்கும் பக்கம் நடந்தார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். டேப்பின் ஓரம் உரிந்து தூசி ஒட்டியிருந்தது. சார்மேல் எரிந்த வயிறு இன்னும் எரிகிறது. கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எனக்கு முகம் இல்லை.