லேசாக இருந்த கேன்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை வெயிலில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லேபுக்குப் போயிருந்தேன். என் கணவர் சாணார்பட்டி பக்கம் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்குச் சிறுநீரில் புரதம் போகிறது, ஒரு நாள் முழுக்கச் சேர்த்து மொத்தம் எவ்வளவு போகிறது என்று அளந்தால்தான் மாத்திரையை முடிவு செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லேப் பெண் வெள்ளைக் கேன் ஒன்றைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னாள்: “காலைல முதல் தடவை போறதை விட்டுருங்கக்கா. அதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு விடாமப் பிடிக்கணும்.” வீட்டில் அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். மனுஷன் நன்றாகத் தலையாட்டினார். வழக்கம்போல டூட்டிக்கும் போய் வந்தார். அடுத்த நாள் கேனைப் பையில் போட்டு, வீசி நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரிசல்ட் நாங்கள் பயந்த அளவு இல்லை. டாக்டருக்கே சந்தோஷம். மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை என்றார். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். அன்று சாப்பிடும்போது, அப்பா பஸ்ஸில் விசில் ஊதுவதைப் போல மகள் ஊதிக்காட்ட, வீடே சிரித்தது.

மழைக்காலத்தில் அவர் கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையவில்லை. லீவு போட்டு வீட்டில் கிடந்தார். மறுபடியும் அதே டெஸ்ட். இந்த முறை பையைத் தூக்கியதும் கையை இழுத்தது. போன தடவை இந்தக் கனம் இல்லையே.

“என்னங்க, போன தடவை எல்லாத்தையும் இதுலதான் பிடிச்சீங்களா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பஸ்ல அம்புட்டு சனத்துக்கு முன்னாடி மூத்திரக் கேனைத் தூக்கிக்கிட்டா டிக்கெட் போடச் சொல்ற? வீட்டுல இருந்தப்பப் போனதை மட்டும்தான் பிடிச்சேன்.”

கத்த வேண்டும் போல இருந்தது. மெஷின் சரியாகத்தான் அளந்திருக்கிறது. நாங்கள் கொடுத்ததுதான் பாதி. நடந்ததைச் சொன்னபோது டாக்டர் பழைய ரிசல்ட்டையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அப்பவே மாத்திரையைக் கூட்டியிருக்கலாமேம்மா” என்றார்.

இப்போது அவருக்கு டயாலிசிஸ். அதே பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். புதுக் கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்பதில்லை. அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அந்தத் தப்பான ரிசல்ட்டை நம்பித்தான் என்பதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.