பின்னால் வரும் பஸ்

மரதன் ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்களை ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, நெஞ்சில் குத்திக்கொள்ளும் இலக்கத்தையும் ஒரு ரீசேட்டையும் தந்தார்கள். மேடையில் நின்ற இளைஞர் பாதையை விளக்கினார். காலிமுகத்திடலில் தொடக்கம். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் வழியாகப் போய்க் களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பேலியகொடை. அங்கிருந்து நீர்கொழும்பு வீதியில் கந்தானை வரை. அங்கே திரும்பி, மறுபடி பாலம், மறுபடி காலிமுகத்திடல், பிறகு மரைன் டிரைவால் வெள்ளவத்தை தாண்டித் தெஹிவளை வரை போனால் முடிந்தது. எங்கே தண்ணீர், எங்கே டொக்டர் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சிரித்தபடி ஒன்று சொன்னார்.

"கடைசி ஆளுக்குப் பின்னால ஒரு பஸ் வரும். ஏலாத ஆக்களை அது ஏத்திக்கொள்ளும். ஒருத்தரும் பயப்பட வேணாம்."

மண்டபம் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். நான் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். வெளிநாடு போவதற்காக வந்தவன். விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்த காலம். ஒரு விடியற்காலை பொலிஸ்காரர்கள் வந்து கதவில் தட்டினார்கள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். உடுப்பை எடுத்துக்கொண்டு கீழே வரச் சொன்னார்கள். கீழே ஒரு பஸ் நின்றது. அதன் வாசற்படியில் நின்றவர் கையை நீட்டினார். என் அடையாள அட்டையை அந்தக் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே வாங்கிய அட்டைகளோடு சேர்த்து றப்பர் பட்டி போட்டார். வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஏறினேன். துப்ப இடம் கேட்கப் பயந்து விழுங்கிவிட்டேன்.

எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பஸ் களனிப் பாலத்தில் ஏறியபோதுதான், லொட்ஜுகளில் இருக்கிற தமிழரைக் கொழும்பை விட்டே அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று பக்கத்துச் சீட்டுக்காரர் மெல்லச் சொன்னார். வடக்கே வவுனியாவில் இறக்கினார்கள். அது பிழை என்று பிறகு பெரிய இடங்களில் பேசிக்கொண்டார்களாம். நான் என் பாட்டில் திரும்பி வந்தேன். விசா வரவில்லை. வேலை வந்தது, கலியாணம் வந்தது, அதே வெள்ளவத்தையில் வாடகைக்கு ஒரு வீடும் வந்தது. பற்பசையை மட்டும் அதற்குப் பிறகு நான் வாயில் வைப்பதில்லை. பற்பொடிதான்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் பஸ் கதையைச் சொன்னேன். அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எதற்கும் இலேசில் அசையமாட்டாள். என்னுடைய பழைய கதையும் அவளுக்குத் தெரியும்.

"நீங்க யோசிச்சு யோசிச்சே எல்லாத்தையும் பெருசாக்குறீங்க. பஸ்தானே? ஏற விருப்பமில்லாட்டி ஒரு ஓட்டோ பிடிச்சு வாங்க," என்றாள்.

விலகியிருக்கலாம்தான். சீனி வருத்தத்துக்காக நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, ஓட்டம் ஒரு பைத்தியமாகி, கணக்கு எழுதும் கந்தோரில் எல்லோருக்கும் வாய் கிழியச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது போய், பஸ் ஒன்று வருகிறதாம், நான் ஓடவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? மனதுக்குள் ஒரே ஒரு தீர்மானம் எடுத்தேன். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, தவழ்ந்து வந்தாலும் பரவாயில்லை, அந்த பஸ்ஸில் மட்டும் ஏறுவதில்லை.

ஓட்டத்தன்று இருட்டோடு எழும்பினேன். இலக்கத்தைக் குத்தினேன். சப்பாத்தை இரண்டு தரம் கட்டினேன். அடையாள அட்டையைப் பொலித்தீன் பைக்குள் போட்டுச் சுருட்டிக் காற்சட்டைப் பையில் வைத்தேன். கைத்தொலைபேசியை மறந்தாலும் அதை நான் மறப்பதில்லை. அன்றைக்கு உண்மையாகவே தொலைபேசியையும் காசையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளில் காலிமுகத்திடலில் இறக்கிவிட்டுப் போன பிறகுதான் அது தெரிந்தது.

என்னோடு ஓடுகிறவர் எங்கள் கந்தோர்க்காரர், தெமட்டகொடை முஸ்லிம். என்னை ஓட்டத்துக்கு இழுத்து வந்தவரே அவர்தான். என் காற்சட்டைப் பை புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்டைக்கும் ஐசிய கொண்டு வந்தீக்கிறீங்களா? ஒங்கட நம்பர்தான் நெஞ்சில ஈக்கிதே மச்சான்."

"இருக்கட்டும். பாரமே?" என்றேன்.

தொடக்க வெடி வெடித்தது. சனம் நகர்ந்தது. நான் ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. பஸ் இன்னும் ஸ்டார்ட்கூடப் பண்ணியிருக்காது, நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தேன். கொட்டாஞ்சேனையில் பூசைக்குப் போகிற பெண்கள் வீதியோரம் நின்று கை காட்டினார்கள். எனக்குக் கை காட்ட நேரமில்லை. ஒவ்வொரு சந்தியிலும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்ததெல்லாம் மனிதர்கள்தான். ஆனாலும் சப்பாத்துச் சத்தம் கூட்டமாக நெருங்கும்போது முதுகு சில்லிட்டது. அந்தக் காலத்தில் கொழும்பில் நான் ஓடியதே இல்லை. பஸ் போய்விட்டாலும், மழை கொட்டினாலும், நடந்துதான் போவேன். ஓடுகிற தமிழனை ஏன் ஓடுகிறாய் என்று கேட்க ஆள் இருந்த காலம் அது. கால் இப்போது பழகிவிட்டது. முதுகு பழகவில்லை.

கிராண்ட்பாஸில் நண்பர் மூச்சு வாங்கியபடி என்னை எட்டிப் பிடித்தார்.

"எத்தின தரம் செல்லுற மச்சான், மெதுவா ஓடுங்க. ஆரும் தொரத்தல்ல."

அவருக்கு என் கதை தெரியாது. பத்து வருடமாக ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிடுகிறோம். ஒருநாளும் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னும் விரைவாக ஓடினேன்.

பாலத்தில் ஏறும்போது ஆற்றைப் பார்க்கவில்லை. பேலியகொடை மீன் மணத்தில் மூச்சை விழுங்கிக்கொண்டு போனேன். கந்தானையில் திரும்பியபோது, நான் பயிற்சியில்கூட ஓடாத வேகத்தில் வந்திருப்பதாக நண்பர் திட்டினார். திரும்பிக் கொஞ்சத் தூரம் வந்திருப்போம். எதிர்ப்பக்கத்தில் அதைக் கண்டேன்.

வெள்ளை பஸ். நடக்கிற வேகத்தில் உறுமிக்கொண்டு வந்தது. முன்னால் ஒரு கிழவர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய வேகத்துக்கு ஏற்ப அது அவசரமே இல்லாமல் உருண்டது. அந்த அவசரமில்லாத்தனம்தான் என்னைக் கொன்றது. அன்றைக்கு வந்தவர்களும் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. அவர்களுக்கும் அவசரம் இருக்கவில்லை. கண்ணாடிக்குள் தலைகள் தெரிந்தன. வாயில் அந்த நுரையின் ருசி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நானே காரணம். மூச்சுப் பிடிக்க ஓடினேன். பேலியகொடைக்கு வந்து, பாலம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வலது கெண்டைக்கால் கல்லாகி நின்றுவிட்டது. ஓரடி வைத்தேன், இடது காலும் பிடித்தது. வீதியோரக் கட்டின் மேல் விழுகிற மாதிரிக் குந்தினேன். நண்பர் குனிந்து காலைப் பிசைந்தார். ஆட்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நேரம் போனது.

"நீங்க போங்கோ. எனக்காக நிக்க வேண்டாம்," என்றேன்.

"ஒங்கள எப்பிடித் தனிய விட்டுட்டுப் போற?"

"போங்கோ எண்டுறன்!" கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு தோளில் தட்டிவிட்டு ஓடிப்போனார். என் பயத்தை அவர் பார்க்கக்கூடாது என்றுதான் துரத்தினேன். அவர் போனதும் பயம் இரண்டு மடங்கானது.

எழும்பி நொண்டினேன். குந்தினேன். மறுபடி நொண்டினேன். அந்தக் கிழவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "மெதுவா வாங்க மகன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் உறுமல் கேட்டது. ஓட்டோ பிடிக்கலாம் என்று பார்த்தேன். கையில் ஒரு சதம் இல்லை. மீன் லொறிகள் நின்ற ஒழுங்கைக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மனிதன், நெஞ்சில் இலக்கம் குத்திக்கொண்டு, ஒளிவதற்கு லொறி தேடினேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிது.

பஸ் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை, இருபது வயது இருக்கும், வாசற்படியில் நின்றாள்.

"ஹெமின் நகின்ன அங்கிள்," என்றாள். மெதுவாக ஏறுங்கள் என்கிறாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

நான் காற்சட்டைப் பைக்குள் கை விட்டேன். பொலித்தீன் பையைப் பிரித்தேன். அடையாள அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கை நீட்டியது என்னைப் பிடித்து ஏற்றுவதற்கு என்று எனக்கு உறைக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பஸ்ஸுக்குள் இருந்த ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அட்டையில் இருந்த வியர்வையைத் தன் ரீசேட்டில் துடைத்தாள். என் கையை இழுத்து, அட்டையை உள்ளே வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"மேக்க ஓன நே அங்கிள்." இது தேவையில்லை.

பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். நான் பிடித்து ஏறினேன்.

உள்ளே எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஒருவர் சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வாழைப்பழம் கைமாறியது. எனக்கும் ஒன்று தந்தார்கள். உரிக்க முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி இருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கியது தெரிந்து திறந்தபோது முன்னால் கிராண்ட்பாஸ் நெரிசல். கொழும்புக்குள் போய்க்கொண்டிருந்தோம். அது எனக்குத் தெரிந்த பாதைதான், நானே சற்று முன்னர் ஓடி வந்த பாதை. என்றாலும் ஒவ்வொரு சந்தியிலும் பஸ் வேறு பக்கம் திரும்பிவிடும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலிமுகத்திடலில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிட்டார்கள். பஸ் அடுத்த பகுதி ஓட்டத்துக்காகத் தெஹிவளைக்குப் போக வேண்டுமாம். நான் எழும்பவில்லை. கால் வரவில்லை என்பது பாதி உண்மை. அந்தப் பிள்ளை என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"கொஹெத பஹின்னே அங்கிள்?"

எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். கொழும்பில் எந்த பஸ் கொண்டக்டரும் ஒரு நாளில் நூறு தரம் கேட்கிற கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அவள் காத்து நின்றாள்.

"வெல்லவத்தே," என்றேன் கடைசியில்.

"ஹரி அங்கிள்," என்றாள். சரி என்கிறாள். போய்ச் சாரதியிடம் சொன்னாள்.

எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவில் வந்து ஏறுகிற இடத்தில், நான் ஓடி வருவதைப் பார்க்க மனைவி தோடம்பழச் சுளைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு நின்றாள். பஸ் ஓரங்கட்டியது. கண்ணாடிக்குள் என் முகத்தைக் கண்டதும் அவள் முகம் வெளுத்ததைக் கண்டேன். பஸ்தானே என்று சொன்னவள் அவள். அந்தப் பிள்ளை என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பஸ் போனது.

"ஏத்திட்டாங்களா?" என்றாள் மனைவி.

"ஓம்," என்றேன். "ஆனா எங்க இறங்கப் போறியள் எண்டு அந்தப் பிள்ளை கேட்டவ."

அவள் டப்பாவை வீதியோரக் கட்டின் மேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதையும், காலில பிடிப்பு. அதுதான் நடுங்குது," என்றேன்.

"ஓம், பிடிப்புத்தான்," என்றாள். கையை விடவில்லை.