ஒன்பதாம் அத்தியாயம்

தணிகாசலம் இறந்த செய்தியும், அவருடைய நூலை மறுபதிப்புச் செய்யலாம் என்ற யோசனையும், எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளரிடமிருந்து ஒரே வாட்ஸ்அப் செய்தியில் வந்தன. நடுவில் ஒரு கைகூப்பிய படம். எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்படி அருவருக்க எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம்.

இங்கே அமெரிக்காவில், பிளசன்டன் ஊரில் மகள் வீட்டில் இருந்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். மதுரையில் சட்டம் கற்பித்தவர். இங்கே வந்தபின், அமெரிக்காவின் தொடக்கக்கால உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். சான் ஹோசே நூலகத்தில் பழைய தீர்ப்புகளைப் படித்துக் கையாலேயே எழுதுவார். தட்டச்சும் மெய்ப்பும் என் வேலை. “தீர்ப்போட அழகு கெடக்கட்டும் சார். தோத்தது யாருன்னு பாருங்க” என்பார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் தோற்றவள் ஹன்னா என்ற அடிமைப் பெண். தன் தாய் சுதந்திரமானவள், ஆகவே தானும் அப்படியே என்று வழக்குத் தொடுத்தாள். ஊர் முதியவர்கள் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டதைச் சாட்சியாகச் சொன்னார்கள். கேள்விப்பட்டது செல்லாது என்று நீதிபதி தள்ளிவிட்டார். அவளும் இரு பிள்ளைகளும் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டார்கள். நீதிபதியின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய அழகான வரிகளை முந்தைய அத்தியாயங்களில் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்.

நூல் முதன்முதலில் அச்சுக்குப் போகும் முன் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். “அங்கிள், ஜட்ஜ்னா கிட்ஸுக்கு ரோல் மாடல். ரிலீஸுக்கு ஸ்பான்சர்ஸ் வராங்க. அந்த சாப்டர் மட்டும் ரிமூவ் பண்ணிடுங்க. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவர் பேசவில்லை. பேசினாரா என்று நானும் கேட்கவில்லை. அத்தியாயத்தை நீக்கினேன். பத்தை ஒன்பதாக்கினேன். பக்க எண்களைச் சரிசெய்தேன். பெயரடைவிலிருந்து ஹன்னாவையும் எடுத்தேன். ஒரு பிழையும் இல்லை.

வெளியீட்டு விழாவில், பொன்னாடையோடு மேடையில் உட்கார்ந்து தணிகாசலம் நூலைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்று, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்தார்.

“ரொம்ப சுத்தமா வெட்டியிருக்கீங்க சார். தழும்பே தெரியல.”

“பிள்ளைங்க படிக்கிற புத்தகம்னு சொன்னாங்க…”

“அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்களே, சார்.”

அதன்பின் அவர் எதையும் என்னிடம் தட்டச்சுக்குத் தரவில்லை.

இரங்கல் கூட்டத்தில், யாரிடமும் குறையே காணாத மனிதர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அதைவிடப் பெரிய அவமதிப்பு அவருக்கு இருக்க முடியாது. கூட்டம் முடிந்து சமோசா தின்றுகொண்டிருக்கும்போது செயலாளர் என் தோளைத் தொட்டார்.

“அதே ஃபைலை அனுப்பிடுங்க அங்கிள். பிரிண்டர் வெயிட் பண்றார்.”

“அது அவரோட புத்தகம் இல்ல, தம்பி. தர மாட்டேன்.”

“நீங்கதானே எடிட் பண்ணீங்க?”

“ஆமா. நான்தான்.”

முழுப் பிரதியை மறுநாளே தணிகாசலத்தின் மகளிடம் கொடுத்துவிட்டேன். அந்த அத்தியாயம் இல்லாமல் அச்சிட விடமாட்டேன் என்று மகள் சொல்லியிருக்கிறார்.

மகளின் அனுமதியோடு ஒன்பதாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பக்கங்களை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கடைசித் தாளின் பின்புறத்தில், பென்சிலில் எனக்கொரு குறிப்பு இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்: “சார், இதை எடுக்கச் சொல்வார்கள். உங்களைச் சம்மதிக்க வைக்க அவர்களுக்குப் பல நாள் ஆகும்.”

ஒரு பிற்பகல்தான் ஆயிற்று.