வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு

எங்கள் அப்பாவின் மறைவில் உடனிருந்து ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது.

அப்பா தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தியாகராய நகருக்கு வந்து, பாத்திரக் கடையில் மூட்டை இறக்கி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். யாரிடமும் கடன் வாங்கியதில்லை. என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. அறிந்தும் யாரும் பேசாத ஒன்றை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா வட்டிக்கு விட்டார். நடைபாதையில் பூவும் பழமும் விற்கும் பெண்களுக்கு. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தைக் கையில் கொடுப்பார். "பேங்குல இவங்கள உள்ள விடுவானா? நான் உதவிதான் செய்யுதேன்" என்பார். வட்டி ஆசை முதலுக்குக் கேடு என்பார்கள். அப்பாவின் முதலுக்கு ஒரு கேடும் வரவில்லை. கெட்டதெல்லாம் வாங்கியவர்கள்தான்.

நான் கல்லூரியில் படித்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றிய சற்று நேரத்தில், பூ விற்கும் செல்வி அக்கா ஓடி வந்தார். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். காதுக் கம்மலைக் கழற்றி நீட்டினார்.

"விளக்கு வச்சாச்சு தாயி. இனி லெச்சுமி வெளிய போகப்படாது. விடிஞ்சதும் வா" என்றார் அப்பா.

அவர் படியிறங்கும்போதே பழக்கார அம்மா வட்டி கொண்டுவந்தார். அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே வரும் லட்சுமிக்குத் தடையில்லை.

செல்வி அக்கா அன்று, மணிக்கு மணி ஏறும் மீட்டர் வட்டிக்காரரிடம் வாங்கினார். அதை அடைக்க மறுநாள் அப்பாவிடமே வந்து கம்மலை வைத்தார். அப்போதும் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டார் அப்பா. கம்மலைச் செல்வி அக்காவால் இன்றுவரை மீட்க முடியவில்லை. அவர் கட்டிய வட்டியில் நான் பட்டம் வாங்கினேன்.

போன வாரம் துக்கம் கேட்க வந்த செல்வி அக்கா, அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"அண்ணாச்சி பூட்டாரு, வட்டி பூடுமா? யாராண்ட குடுக்கிறது, சொல்லு பாப்பா."

தம்பி கை நீட்டி வாங்கி, அப்பாவைப் போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனோடு நான் போட்ட சண்டை ஓய இரண்டு நாள் ஆயிற்று.

அப்பாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. அவர்களுக்கும் முன்னால், வட்டி கட்டியவர்களுக்கு நன்றி. நீங்கள் யாரும் இனி எங்களுக்கு ஒரு பைசா தர வேண்டாம். தம்பிக்கும் சம்மதம். நகை வைத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்வி அக்கா, நீங்கள் மட்டும் வர வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, கம்மலை நானே எடுத்து வருகிறேன்.