குடைப்பனை பூத்த வருஷம்

அந்த இலையை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ கூரை ஒன்று நடந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மழை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப் பெட்டியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு வண்டிப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே பள்ளிக்கூடம் விட்டு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே இலைக்கு அடியில். விசிறிபோல் விரிந்த ஒற்றை ஓலை அது. அதன் காம்பைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி நடுவில் வந்தவர் தலைமையாசிரியர். அவர் மட்டும் பாதி நனைந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, "புதுசா வந்த நர்சம்மாங்களா? உள்ள வாங்க, எடம் இருக்குது" என்றார். பெட்டியோடு நானும் உள்ளே நுழைந்தேன். அதற்கப்புறமும் இடம் மிச்சமிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. அந்த ஊரின் துணை சுகாதார நிலையம் என்பது ஒரு அறையும் ஒரு மேசையும்தான். பிரசவம் பார்க்கவும் தடுப்பூசி போடவும் என்னை அனுப்பியிருந்தார்கள். தலைமையாசிரியரின் வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்தது. வீட்டின் பின்பக்கம், ஓடைக்கரையில், அந்த மரம் நின்றது. சாதாரணப் பனையைவிட இரண்டு மடங்கு பருமன். இலைக்காம்பின் ஓரமெல்லாம் ரம்பத்துக்கு இருப்பதுபோல் பல். மாடு வாங்க மலையாளத்துப் பக்கம் போன அவருடைய தாத்தா அங்கிருந்து ஒரு கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்து ஊன்றினாராம். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அந்த மரம் கிடையாது. அதனால் ஊரில் அதற்குச் சரியான பெயரும் இல்லை. சிலர் குடைப்பனை என்பார்கள், சிலர் சீமைப்பனை என்பார்கள். புத்தகத்தில் அதைத் தாளிப்பனை என்று போட்டிருப்பதாகவும், மலையாளத்தில் ஒருகாலத்தில் சுவடி எழுதியதெல்லாம் இந்த ஓலையில்தான் என்றும் தலைமையாசிரியர் சொல்வார். எங்கள் ஊரில் அதில் யாரும் எழுதவில்லை. மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடை, கோடையில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை, கல்யாண வீட்டில் சோறு வடித்துக் கொட்ட ஒரு விரிப்பு. அவ்வளவுதான் அதன் உபயோகம்.

ஓலை வெட்ட அதில் ஏறுகிறவர் ஒரே ஒருவர். பனையிலும் ஈச்சையிலும் ஏறிப் பிழைத்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கும் அப்படியே ஆனார். ஒல்லியான உடம்பு, நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்த இரண்டு தழும்புகள், அதிகம் பேசாத சுபாவம். நான் போன முதல் வருஷமே அவர் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் பார்த்தேன். பிள்ளை கால் முன்னால் வந்து, தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று ஒரு பகல் முழுக்க எனக்கே தெரியாமல் இருந்த பிரசவம். இருவரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்த்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மூன்றாவது வருஷம் மாசியில் மரத்தின் உச்சியில் கோபுரக் கலசம்போல் ஒன்று முளைத்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் அது ஆளுயரம் வளர்ந்து, பக்கங்களில் கிளைவிடத் தொடங்கியபோதுதான் ஊர் தலைநிமிர்ந்து பார்த்தது. அந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்துக் காய்த்து முடிந்ததும் செத்துவிடும். இது தலைமையாசிரியருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்திருந்தது வேறு. அது பூத்தால் வைத்த வீட்டில் ஒரு உயிரை எடுக்கும் என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. அதற்குமுன் அங்கே அந்த மரம் பூத்து யாருமே பார்த்ததில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

தலைமையாசிரியருக்கு மனைவி இல்லை. ஒரே மகள். காரிமங்கலத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் தலைப்பிரசவத்துக்காக அந்த மாதம்தான் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவரே களி கிண்டி, கீரை கடைந்து அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். செய்தி காரிமங்கலத்துக்குப் போனது. சம்பந்தியம்மா ஒருநாள் வந்து, வாசலைத் தாண்டி உள்ளே வராமலே பேசினார். "மரத்த வெட்டுங்க, அப்பறமா புள்ளய அனுப்புங்க. இந்தத் தோஷத்தோட எங்க வூட்டுக்கு வேணாம்." தலைமையாசிரியர் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. நானும் அவரும் படித்தவர்கள் அல்லவா.

ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். கால் வீங்கியது. ரத்த அழுத்தம் பார்த்தேன், நூற்றைம்பதுக்கு நூறு. பென்னாகரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு என்று மூன்று நாள் கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். தனக்காக அவள் பயப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நான் அந்தாண்ட போனா அது எங்கப்பாவ எடுத்துக்கும், நர்சம்மா. நான் இங்கயே இருக்கறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியரிடம் நான்தான் சொன்னேன். "வெட்டிடுங்க சார். மரத்துக்காக இல்ல, அவ மனசுக்காக. பூ போச்சுன்னா தைரியம் வந்துரும், ஆஸ்பத்திரிக்கு வந்துருவா. பிரஷர் எறங்கிடும்." அவர் வெகுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடியோடு சாய்க்க முடியாது. சாய்த்தால் ஒருபக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் வீடு. மேலே ஏறிப் பூவை மட்டும்தான் வெட்டியெடுக்க வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முடியாது என்றார். "ஆயுசுக்கும் அதுக்கு இது ஒண்ணுதானுங்க சார் பூவு. பூத்து முடிச்சா அதுவே சாவப்போவுது. அதுக்குள்ளாற அது கழுத்துல அருவா வெக்க எனக்குக் கையி வராதுங்க." சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, காலை பத்துமணி வாக்கில், கயிறும் அரிவாளுமாக அவரே வந்து நின்றார். தலைமையாசிரியர் மறுபடி போய்ப் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இதற்குள் மொட்டுகளில் பாதி விரிந்திருந்தன. வெண்ணெய் நிறத்தில் கோடிக்கணக்கான சின்னப் பூக்கள். புளித்த பாலின் வாசனை ஊர் முழுவதும் அடித்தது. தேனீக்கள் வந்துபோவதைக் கீழிருந்தே பார்க்க முடிந்தது. ஆனால் காய்ந்து தொங்கிய ஓலைகளுக்குப் பின்னால் மலைத்தேனீ முறம் அகலத்துக்கு அடை கட்டியிருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. நான் அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரிவாள் விழும் சத்தம் நான்கு முறை கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் விரல்கள் தளர்ந்தன. ஐந்தாவது சத்தம் வரவில்லை. வெளியே யாரோ, "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினார்கள். கதவிடுக்கு வழியே இரண்டு தேனீக்கள் உள்ளே வந்தன. நான் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். போர்வையை எடுத்து அவளை மூடினேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்றுவரை கணக்கிட்டுப் பார்க்கிறேன். கால்மணி நேரம் இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். அந்தக் கதவுக்கு வெளியே, மரத்தைச் சுற்றித் தன்னைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க முடியாமல், அதைக் கீழே நகர்த்தி நகர்த்தி, உடம்பெல்லாம் தேனீ அப்பியபடி அண்ணன் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் ஓடி ஒளிந்துவிட்டது. தலைமையாசிரியர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டு, கடைசி ஆளுயரத்தில் விழுந்தவரைத் தாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறந்தபோது இருவர் முகமும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னிடம் இருந்த ஒவ்வாமை ஊசியை அண்ணனுக்குப் போட்டேன். அது போதாது என்று போடும்போதே தெரியும். அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒகேனக்கல்லிலிருந்து திரும்புகிற பஸ் தூரத்தில் வருவது கண்ணுக்குத் தெரிந்தபோது என் கைக்குள் இருந்த அவர் நாடி நின்றுவிட்டது. அவர் மனைவி, சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ஊர் விசாரித்தது, போலீஸ் வந்து விசாரித்தது. எல்லோரிடமும் தலைமையாசிரியர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நான்தான் ஏறச் சொன்னேன்." வீங்கிய முகத்தோடு, கண் திறக்க முடியாமல், அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த வார்த்தை என் பெயராக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்த அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் கழித்துப் பென்னாகரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். சம்பந்தி வீட்டார் அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் குழந்தையைத் தாத்தாவின் வீட்டுக்கு ஒருநாளும் அனுப்பவில்லை. வீட்டு உயிருக்குப் பதிலாக வெளி உயிரை மரம் எடுத்துக்கொண்டது என்று ஊர் பேசி, அதோடு சமாதானமாகிவிட்டது. பிறகு யாரும் மரத்தைத் தொடவில்லை. மிச்சமிருந்த பூ பூத்து, ஒரு வருஷம் கழித்து எலுமிச்சை அளவில் காய்கள் காய்த்தன. அவை பள்ளிக்கூட ஓட்டின் மேல் ஒவ்வொன்றாக விழும். பாடம் நடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், பிள்ளைகள் மொத்தமும் மேலே பார்க்கும். தலைமையாசிரியர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். ஒகேனக்கல்லிலிருந்து பரிசல்காரர்கள் வந்து, காயை இடித்துத் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும், கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. தர்மபுரியிலிருந்து மாலைக்கு மணி கடைகிற பாய் ஒருவர் மட்டும் வந்து, தந்தம்போல் வெளுத்த கொட்டைகளை மரத்தடியிலேயே உட்கார்ந்து நிதானமாகப் பொறுக்கினார். பயமில்லையா என்று கேட்டேன். "மரம் என்னம்மா பண்ணும்? சாகப்போவுது, அதனால பூக்குது. மத்ததெல்லாம் நம்ம பண்றதுதான்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

அண்ணனின் மனைவிக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் தலைமையாசிரியர் வேலை வாங்கிக் கொடுத்தார். நான் மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு நாளும் அவளைத் தாண்டித்தான் போவேன். புகைக்குள்ளிருந்து எழுந்து வந்து, "வாங்க நர்சம்மா" என்பாள். நான் அவசரமாக இருப்பதுபோல் நடந்துவிடுவேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, நான் ஓய்வு பெற்றிருந்த சமயம், தலைமையாசிரியர் இறந்துபோன செய்தி வந்தது. போனேன். மரம் நின்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் அண்ணனின் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. தலைமையாசிரியரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவர் கிடந்த இடத்தைப் பார்த்தபோது, இனி இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று தோன்றியது. அது தாங்க முடியாததாக இருந்தது. "அன்னைக்கு மரத்த வெட்டச் சொன்னது சார் இல்ல, நான்தான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

"தெரியுமுங்க. அன்னைக்குக் காத்தாலயே தெரியும். மொதல்ல மாட்டேன்னுதான் வூட்டுக்கு வந்தாரு. நீங்க சொன்னீங்கன்னு சார் வந்து சொன்னாராம். கவுத்த எடுத்துக்கிட்டே எங்கிட்டச் சொன்னாரு, 'நர்சம்மா சொல்லியிருக்காங்க, அந்தப் புள்ளைக்கி ரத்தக்கொதிப்பு எறங்குமாம். உன்னயும் புள்ளயயும் எனக்குக் குடுத்தவங்க, எப்பிடி மாட்டேங்கறது?' அப்பிடின்னு."

அத்தனை வருஷமும் அவள் "வாங்க நர்சம்மா" என்றது எல்லாம் தெரிந்துதான்.

பிறகு அவளே கேட்டாள். "ஒண்ணு கேக்கணும்னு நெனைப்பேனுங்க. நீங்க நிக்கவே மாட்டீங்க. சாரு பொண்ணுக்கு அப்பறமா ரத்தக்கொதிப்பு எறங்குச்சுங்களா?"

அன்று சாயங்காலம், அண்ணனை எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தத்தை நான் அளந்து பார்த்திருந்தேன். முந்தின நாளைவிட இருபது ஏறியிருந்தது.

"எறங்கிடுச்சுங்க" என்றேன்.

"அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்து போனாள்.