உள்ளங்கை பார்த்த சூடு

மூக்கு நீண்ட அந்தப் பழைய லாரியைவிட அதன் சொந்தக்காரருக்கு வயது கொஞ்சம்தான் அதிகம். அதன் ரேடியேட்டருக்குக் காட்டிய அக்கறையில் பாதியைத் தன் உடம்புக்குக் காட்டியிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. பிடித்து வைத்த மழைநீரைத்தான் ஊற்றுவார். உப்புத் தண்ணீர் குழாயை அடைத்துவிடும். மாதம் தவறாமல் துருத்தண்ணீரை வடிப்பார், ஹோஸை அமுக்கிப் பார்ப்பார், பேன் பெல்ட்டின் விறைப்பைக் கட்டைவிரலால் சோதிப்பார். சூடு காட்டும் மீட்டரை மட்டும் என்றோ கழற்றி எறிந்துவிட்டார். ரேடியேட்டர் தலையில் உள்ளங்கையை வைத்தால் தெரியாதா என்பது அவர் கட்சி.

சர்க்கரை நோய் அந்தக் கைகளைத்தான் முதலில் கேட்டது. "சூடு உறைக்காது, அடுப்புக்கிட்ட போகாதீங்க" என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கம் போகாதவர், அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். வீட்டில் மூச்சுவிடவில்லை, தெரிந்தால் மனைவி அன்றோடு லாரியை விற்கச் சொல்லிவிடுவாள். மறுபடி மீட்டர் மாட்டலாம்தான். மெக்கானிக்கான மச்சினன் சிரிப்பானே.

தன் தங்கையைப் பார்க்க மனைவியும் கூட ஏறிய நாளில், செங்கல் பாரத்தோடு மேடேறும்போது வண்டி முனகியது. நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் கையை வைத்தார்.

"என்னங்க, பக்கத்துல நிக்க முடியல. அனல் அடிக்குது."

"வெயிலுடி அது. லாரி ஓட்டுறது நீயா, நானா?"

"ஓட்டுறது நீங்க. வேகுறது நான்."

பெல்ட்டையும் அழுத்தினார். விறைப்பாக இருப்பதாகக் கட்டைவிரல் சாட்சி சொன்னது. அதுவோ தொளதொளத்து, தண்ணீர் பம்ப்பைச் சுற்றவிடாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்தார். உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இன்ஜின் ஒருமுறை இடித்து, இறுகி, நின்றது.

மச்சினன் வந்து பார்த்தான். "பிளாக்கே வெடிச்சிருச்சு மாமா. இதுக்கு மாத்து எங்கயும் கிடைக்காது, எடைக்குத்தான் போடணும். ரேடியேட்டர் மட்டும் புதுசு கணக்கா இருக்கு." அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

இழுவைக் கயிறு கட்டும்போதுதான் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் முழுக்கக் கொப்பளித்துக் கிடந்தது. அவரை ஓரமாக உட்காரவைத்து, கையை மடியில் ஏந்தி ஊதினாள்.

"எரியுதா?"

"எரியுதுடி" என்றார். முகத்தைச் சுளிக்க வேண்டுமென்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் ஊதுவதை நிறுத்தினாள். கொப்புளத்தின் மேல் விரல் நகத்தை வைத்து, மெல்ல அழுத்தினாள். அவர் கை அசையவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.