விளக்கோடு சேர்த்த உயரம்

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் கௌசியாவுக்கு, ஒரு பாலத்தைக் கட்டி முடித்த மறுகணமே அதை இடித்துவிடக் கை பரபரக்கும். பாலம் என்றால் கைப்பேசி விளையாட்டில் கட்டுவது. ராசிபுரத்துத் தோழி வித்யா அதில் ஒரு தீவை உருவாக்கியிருந்தாள். தோழியர் சிலர் சேர்ந்து அங்கே வீடும் தோட்டமும் அமைப்பார்கள். சண்டை கிடையாது, வெற்றி தோல்வியும் கிடையாது. ஆற்றின் நடுவே அலங்காரப் பாலம் கட்டுவது மட்டும் கௌசியாவின் பொறுப்பு.

அதற்கென்றே, சரக்குப் பதிவேட்டைப் போலக் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். எண், நீளம், வளைவின் உயரம், கட்டிய தேதி, இடித்த தேதி. இதுவரை இருபத்து மூன்று பாலங்கள். இருபத்து மூன்றுக்கும் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அவள் கணவன் நயீம் பஞ்சு லோடு ஏற்றிப் போனான். உயரத்தை அளந்து எழுதியவள் கௌசியாதான். மூட்டையின் உச்சிவரை அளந்தவள், மேலே போர்த்திய தார்பாயையும் கயிற்று முடிச்சுகளையும் சேர்க்க மறந்துவிட்டாள். வெளிமாநிலத்தில் ஒரு ரயில்வே பாலத்தின் அடியில் வண்டி மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் ஓசை போன் வழியே அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நயீம் எல்லா டயரிலும் காற்றை இறக்கி, வண்டியைத் தாழ்த்தி, மெல்ல வெளியே கொண்டுவந்தான். பிற்பாடு அதை வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கோ அன்றிலிருந்து எந்த வளைவும் போதிய உயரமாகத் தெரிவதில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தீவில் கொடிப்படகு ஊர்வலம் என்று வித்யா அறிவித்தாள். கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுத்தாள்.

"கௌசிக்கா, இந்தத் தடவையும் இடிச்சீங்கன்னா ஆத்து மேல நானே ஒரு பலகையைப் போட்டுட்டுப் போயிருவேனுங்க. அப்பறம் உங்களுக்குப் பாலமே கிடையாது."

இருபத்து நான்காம் பாலத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. கொடியோடு படகின் உயரம் ஐந்து கட்டம். நீர்மட்டத்திலிருந்து வளைவும் ஐந்து. அந்த விளையாட்டில் கட்டம் சரியாக இருந்தாலே உரசாமல் போகும். நான்கு முறை அளந்தாள். ஆனால் ஞாயிறு மதியம் பார்த்தபோது பாலம் மொட்டையாகத் தெரிந்தது. மனம் கேட்காமல் வளைவின் அடியில் ஏழு காகித விளக்குகளைத் தொங்கவிட்டாள்.

நான்கு மணிக்கு முதல் படகு வந்து விளக்கில் இடித்து நின்றது. பின்னால் ஆறு படகுகள். காதில் மாட்டிய இயர்போனில் வித்யாவின் சிரிப்பு. கௌசியாவின் விரல், கட்டியதை இடிக்கும் சுத்தியல் படத்தின்மேல் போய் நின்றது.

முந்தின நாள்தான் டிரிப் முடித்து வந்திருந்த நயீம் தோள்வழியே எட்டிப் பார்த்தான். "எதுல மாட்டுச்சு?"

"வெளக்குலங்க. வளைவைத்தான் அளந்தேன். வெளக்கைச் சேக்கலை."

"மறுக்காவும் தார்பாயா?" என்றான். "அதுக்கு எதுக்குச் சுத்தியலத் தூக்கறே? காத்த எறக்கு."

"படகுக்கு ஏதுங்க டயரு?"

"அடியில தண்ணி இருக்குதில்ல."

அவள் விரல் விலகியது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச வித்யா கீழ்க்கரையில் எழுப்பியிருந்த தடுப்பணைக்கு விரைந்தாள். மேல் வரிசைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆறு ஒரு கட்டம் தாழ்ந்தது. படகும் கூடவே தாழ்ந்து, விளக்குகள் கொடிமேல் படாமல் நழுவியது. மற்ற ஆறு படகுகளும் தொடர்ந்தன.

"ஏனுங்கக்கா, பாலத்துக்காக ஆத்தையே எறக்கிட்டீங்களா?" என்றாள் வித்யா.

கௌசியா பேனாவை எடுத்தாள். நோட்டில் புதிதாக ஒரு கோடு இழுத்து 'விளக்கோடு உயரம்' என்று தலைப்பிட்டு, பழைய நீர்மட்டத்திலிருந்து நான்கு என்று எழுதினாள். அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்பதற்குள் இரண்டு முறை விரல் சுத்தியலைத் தொட்டுத் திரும்பியது. இடித்த தேதிக்கான கட்டம் காலியாகவே இருந்தது.